இருட்புனைவின் மாந்தர்: யப்பானியச் சித்திரக்கதையின் பாத்திரவாக்கமும் நமது பேயுருவ மரபும்

யப்பானிய மொழியிலே 'மங்கா' என வழங்கும் சித்திரக்கதை, கைபேசித் திரையின் வழியாகக் கல்முனை, சாய்ந்தமருது முதலாய கீழைக்கரை ஊர்களின் இளந்தலைமுறையினரது வாசிப்பிலும் இன்று புகுந்துள்ளது. அவ்விலக்கியத்துள் பேய், போர், குருதி, மீளாத ஊழ் ஆகியவற்றைப் பொருளாகக் கொள்ளும் ஒரு கிளை உண்டு. அதனை 'இருட்புனைவு' எனக் குறிப்பிடுவோம். இப்புனைவின் மாந்தர் எவ்வாறு படைக்கப்படுகின்றனர், அவர்தம் உருவம் எவற்றைக் கொண்டு சமைக்கப்படுகின்றது என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இதனை ஓவியத் தொழிலின் நுட்பம் பற்றிய வினாவாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஒரு சமுதாயம் தன் அச்சத்திற்கு எவருடைய முகத்தைக் கொடுக்கின்றது என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது. 2019ஆம் ஆண்டின் பின்னர் சாய்ந்தமருதிலே இருந்துகொண்டு அவ்வினாவைத் தவிர்த்துவிட்டுப் பேயுருவங்களைப் பற்றி எழுதுதல் இயலாது.

இவ்வுருவங்களைத் தனிக் கலைஞனின் கற்பனையில் மட்டும் தோன்றியனவாகக் கொள்வது பொருந்தாது. உற்பத்தி முறையும் சந்தையும் அவற்றை வனைந்துள்ளன. யப்பானின் பேயுருவங்களுக்கு அச்சுவடிவிலே நிலைபேறு அளித்தவர்களுள் முதன்மையானவர் தொறியாமா செக்கியென். நாட்டார் வாய்மொழியிலும் பழைய சுருளோவியங்களிலும் அலைந்துகொண்டிருந்த பூதங்களைப் பக்கத்திற்கு ஒன்றாக, பெயரிட்டு, மரக்கட்டை அச்சிலே அவர் நூலாக்கியது 1776இல். பெயரும் வடிவமும் ஒருமுறை அச்சேறியபின் அவற்றை எவரும் எடுத்தாள முடிந்தது. 1930களில் நகரத் தெருக்களிலே சிறுவர்க்கு இனிப்பு விற்றுக்கொண்டு படத்தட்டிகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்ன 'காமிஷிபாய்' என்னும் கடதாசி நாடகக்காரர், மயானத்திலே பிறந்த சிறுவன் ஒருவனின் கதையைப் பரப்பினர். அச்சிறுவனே பின்னர் ஷிகெரு மிசுகியின் கையில் கித்தாரோ ஆனான்.

கித்தாரோவின் வரலாறு நமக்கு மிகவும் பயன்படுவதாகும். 1960இல் வாடகைப் புத்தகக் கடைகளுக்கென அச்சிடப்பட்ட மலிவுப் பிரதிகளிலே அவன் அருவருப்பூட்டும் பிறவி. இறந்த தாயின் புதைகுழியினின்றும் தவழ்ந்து வெளியேறியவன். ஒரு கண் இல்லாதவன். அழுகிப்போன தந்தையின் உடலிலிருந்து எஞ்சிய ஒற்றைக் கண்ணுக்குக் கை கால் முளைத்து, அதுவே அவனுக்குத் தந்தையாக உடன் திரிகின்றது. 1965இல் பெருந்தொகையாக விற்பனையாகும் வார இதழுக்குள் புகுந்ததும் அவனது முகம் மெல்ல மெல்ல உருண்டது, மனிதரின் நண்பனாயினான். தொலைக்காட்சிக்கு எடுக்கப்படும் நிலை வந்தபோது, 'மயானம்' என்ற சொல் தலைப்பில் நிற்பது வணிகத்துக்கு ஒவ்வாது என்று தலைப்பும் மாற்றப்பட்டது. பாத்திரவாக்கம் என்பது சந்தையோடு நடத்தும் பேரமும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும் ஒற்றைக் கண் மாறவில்லை. மிசுகி இரண்டாம் உலகப்போரில் நியூ பிரிட்டன் தீவிலே படைவீரராக இருந்து இடக்கையை இழந்தவர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. உறுப்பிழந்த உடலை அவர் வேடிக்கையாக வரையவில்லை.

உடலின் ஊனமே பாத்திரத்தின் வரலாறாக அமைதல் இவ்வகைப் புனைவின் உயிர்நாடி. ஒசாமு தெசுக்கா 1967இல் தொடங்கிய 'தொரொரோ' இதனைத் தேற்றம்போல நிறுவுகின்றது. நாட்டை ஆளும் ஆசை கொண்ட குறுநிலத் தலைவன் ஒருவன் 48 பேய்களோடு உடன்படிக்கை செய்கின்றான்; விலையாக, பிறக்கவிருக்கும் தன் மகனின் 48 உறுப்புகளைக் கொடுக்கின்றான். ஆற்றில் விடப்பட்ட அக்குழந்தை மருத்துவன் ஒருவனால் செயற்கை உறுப்புகள் பெற்று, ஹியக்கிமாரு என்ற இளைஞனாகின்றது. ஒவ்வொரு பேயைக் கொல்லும்போதும் ஓர் உறுப்பு அவனுக்கு மீள்கின்றது. அவனது உருவத்தை வரைவதே ஒரு கணக்கெடுப்புப் போன்றது: இந்த அத்தியாயத்தில் அவனுக்குக் கண் உண்டா, குரல் உண்டா, கால் உண்டா? ஆட்சியாளனின் பேராசைக்குப் பிள்ளைகளின் உடலே விலையாகின்றது என்ற கருத்தைத் தெசுக்கா உரையாடலில் வைக்கவில்லை, உருவத்திலேயே வைத்துவிட்டார்.

இதனோடு சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை ஒப்பிட்டால் ஒற்றுமையும் முரணும் ஒருங்கே புலப்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே, முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாட எழுந்த அந்நூலிலே பேய்களுக்கெனவே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. கரிய நெடிய பனைகள் கை கால் பெற்று நிற்பனபோல முதலிலே ஒரு கூட்ட உருவம் காட்டப்படுகின்றது. பின்னர் வாய், வயிறு, பல், முதுகு என உறுப்புறுப்பாக நுணுகிச் செல்கின்றது பாட்டு. அடுத்து முடப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய், செவிட்டுப்பேய், குறட்பேய், கூன்பேய் எனத் தனித்தனி ஆட்கள். அவற்றுட் சிலவற்றின் ஊனத்துக்கு முந்திய போர்க்களங்களிலேயே காரணமும் கற்பிக்கப்படுகின்றது. இன்று சித்திரக்கதை ஆசிரியன் முன்புறம், பக்கப்புறம், பின்புறம் என்று வரைந்துவைத்துக்கொள்ளும் பாத்திர அமைப்புப் படத்தின் சொல்வடிவம் இது என்று கூறின் மிகையாகாது. தூரத்து நிழலுருவம் முதலில். உறுப்பு விவரம் அடுத்து. ஆளுக்கு ஆள் வேற்றுமை இறுதியில். ஓவியர் இன்றும் இவ்வரிசையிலேயே செல்கின்றனர்.

திருமுருகாற்றுப்படையின் பேய்மகளோ இன்னொரு முறையைச் சேர்ந்தவள். உலர்ந்த கூந்தல், ஒழுங்கற்ற பற்கள், சுழலும் விழி, காதிலே குழையாகத் தொங்கும் கூகையும் பாம்பும், குருதி தோய்ந்த விரல்கள் எனச் சில அடிகளில் ஓர் ஆள் முழுமையாக எழுந்து நிற்கின்றாள். இங்கே அணிகலனே அச்சத்தின் கருவியாகின்றது. பொலனறுவையிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்திலே உள்ள காரைக்கால் அம்மையார் வெண்கலம் இம்மரபின் வேறோர் எல்லை. என்புக்கூடாக வற்றிய முதியவள் தாளமிசைத்துக்கொண்டு புன்னகைக்கின்றாள். பேயுருவை வேண்டிப் பெற்ற பெண் அவள். பேயென்றால் தீமை என்ற சமன்பாடு அங்கே உடைந்துபோகின்றது.

முடம், குருடு, ஊமை, செவிடு ஆகிய வரிசை சிங்கள மக்களின் பதினெட்டுச் சன்னிச் சடங்கிலும் காணப்படுதல் ஆராயத்தக்கது. அங்கே நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி உண்டு. கொர சன்னிக்கு முடம், கண சன்னிக்குக் குருடு, கொலு சன்னிக்கு ஊமை, பிஹிரி சன்னிக்குச் செவிடு. தோன்றும் நோய்ப்பேய் கேலி செய்யப்பட்டு, காணிக்கை பெற்று, அடங்கிச் செல்கின்றது. நோயாளிக்கு அவ்வகையிலே ஓர் ஆறுதல் கிடைத்திருக்கலாம். ஆயினும் உறுப்புக் குறைந்தவனைப் பேயோடு இணைக்கும் பழக்கம் இத்தீவிலும் தமிழகத்திலும் எத்துணை ஆழமானது என்பதையும் இவ்வரிசை காட்டிக்கொடுக்கின்றது. தெசுக்கா அதனைத் தலைகீழாக்கினார் என்பதே எமது கருத்து. 'தொரொரோ'விலே உறுப்பில்லாதவன் மனிதன்; உறுப்பெல்லாம் நிறைந்த தந்தைதான் பேய்க்குத் துணைநின்றவன்.

இனி, இருட்புனைவின் உச்சமாகப் பலரும் கருதும் 'பெர்செர்க்' பற்றிச் சற்று விரிவாக நோக்குவோம். கென்டாரோ மியுரா 1989 முதல் தொடராக வெளியிட்டு, 2021 மே 6ஆம் நாள் தமது 54ஆவது வயதில் மறையும்வரை வரைந்த நூல் அது. 2022இல் அவர்தம் நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், அவரிடம் பணியாற்றிய உதவி ஓவியர்கள் அதனைத் தொடரலாயினர். ஆசிரியன் இறந்த பின்னரும் பாத்திரம் நடமாட முடிகின்றதென்றால் அவ்வுருவத்தின் விதிகள் எவ்வளவு உறுதியாக வகுக்கப்பட்டிருந்தன என்பதை உணரலாம்.

அவ்விதிகளுள் முதலாவது கறுப்பு. மங்கா இதழ் மலிவான தாளிலே பெரும்பாலும் ஒற்றை மையில் அச்சாவது. ஆகவே நிறத்தினாற் செய்யவேண்டியவற்றையெல்லாம் மையின் நிறைவாலும் வெறுமையாலும் செய்யவேண்டும். கதைத்தலைவன் கட்ஸ் கரிய மேலாடையும் கரிய கவசமும் அணிந்தவன். ஆளளவுக்கு மேற்பட்ட வாள் அவனது தோளுக்கு மேலாக நீண்டு நிற்கின்றது. கண்ணை ஒடுக்கிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தாலும் அக்கரிய நிழலை இன்னார் எனச் சொல்லிவிடலாம். அவனுக்கு எதிர்நிலையில் வைக்கப்பட்ட கிரிஃபித் வெண்ணிறத்தவன். வெண்முடி, வெண்குதிரை, பருந்தின் தலைபோன்ற தலைக்கவசம், மையே தீண்டாத வெற்றுத்தாள். தன் கனவான அரசுக்காகத் தன்னை நம்பிய படைத்தோழர் அனைவரையும் பேய்களுக்குப் பலிகொடுப்பவன் அவ்வெள்ளை உருவத்தானே. வெண்மை நன்மை, கருமை தீமை என்ற பழைய பாகுபாட்டை மியுரா விளக்கவுரை எதுவுமின்றித் தகர்த்தமை இவ்வாறுதான்.

கட்ஸும் தூக்கிலிடப்பட்ட தாயின் பிணத்தடியிற் பிறந்தவன். பலிநாளிலே ஒரு கண்ணையும் இடக்கையின் கீழ்ப்பகுதியையும் இழந்து, அக்கையிலே பீரங்கி மறைந்த இரும்புக்கையைப் பூட்டிக்கொள்கின்றான். இரும்புக்கை தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே பிரித்தானியச் சித்திரக்கதையொன்றைத் தமிழாக்கிய 'இரும்புக்கை மாயாவி'. ஆயின் மாயாவியின் கை அவனுக்கு வாய்த்த வல்லமை. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் வியப்பு. கட்ஸின் கையோ இழப்பின் அடையாளம். ஒரே உறுப்பு இரு கதைகளில் இருவேறு உலகநோக்குகளைச் சுமக்கின்றது.

மியுராவிடம் நாம் உடன்பட முடியாத இடமும் உண்டு. பலிநாளிலே கஸ்கா என்னும் பெண் படைத்தலைவிக்கு இழைக்கப்படும் வன்கொடுமை விரிவாக வரையப்படுகின்றது. அதன்பின் அவள் மிக நெடுங்காலம் பேச்சும் அறிவும் இழந்தவளாகக் கதையில் உலவுகின்றாள். ஆணுக்கு நேர்ந்த இழப்பு அவனை உருவாக்குகின்றது; பெண்ணுக்கு நேர்ந்தது அவளைப் பாத்திர நிலையிலிருந்தே அகற்றுகின்றது. ஒரு பெண்ணின் உடலை ஆணின் சினத்துக்கு எரிபொருளாக்கும் இம்முறை இருட்புனைவில் வேரோடிய பழக்கம். இதனைப் 'போரின் உண்மை' என்று சமாதானம் கூறுவோர் உளர். போரின் உண்மையை அறிந்த கீழ்மாகாணப் பெண்கள் அதன்பின்னும் வயல் பார்த்தனர், பிள்ளை வளர்த்தனர், வழக்குத் தொடுத்தனர், பேசினர். அவ்வுண்மையையும் வரையலாமே.

நிழலுருவம் பற்றிக் கூறும்போது எமது பிரதேசத்து மரபுவழிக் கூத்தை விட்டுவிட முடியாது. வடமோடிக் கூத்தரின் பாரமான கரப்புடுப்பும் கிரீடமும், தென்மோடியின் இலகுவான உடையும், களரிக்குள் வரும் ஆள் எத்தகையவன் என்பதைப் பாட்டுத் தொடங்கு முன்னரே தூரத்திலிருப்போர்க்கு உணர்த்திவிடுகின்றன. வரவுத் தாளக்கட்டு அதற்குத் துணை. 1960களிலே பேராதனையில் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்திய 'இராவணேசன்', அரக்கனை அவலத் தலைவனாக்கியது. உடுப்பு மரபினது, உள்ளம் புதியது. பாத்திரவாக்கத்தைக் கற்க விரும்பும் எமது இளைஞர் யப்பானை நோக்குமுன் களரியோரம் ஓர் இரவு விழித்திருப்பது நன்று.

முஸ்லிம் ஊர்களின் நிலை இதனின்றும் வேறானது. உருவம் வரைதல் பற்றிய மார்க்கத் தயக்கம் அங்கே வலுவாக உண்டு. அதனை அறியாமை என்று தள்ளிவிடுவது முற்போக்காகாது. அத்தயக்கத்தின் விளைவாக, அச்சமூட்டும் ஆற்றல்கள் பெரும்பாலும் சொல்லிலேயே வாழ்ந்தன. ஜின் என்பது கண்ணுக்குப் புலப்படாத படைப்பு. புகையற்ற நெருப்பினின்றும் ஆனது என்பது குர்ஆனின் கூற்று. 'ஜின்' என்ற பெயரையே தாங்கிய 72ஆவது அத்தியாயம் ஓதலைக் கேட்டு ஈமான் கொண்ட ஜின்களைப் பற்றிக் கூறுவது. அவற்றுள் நல்லனவும் உண்டு, அல்லாதனவும் உண்டு. ஒரு புனைவாசிரியனுக்கு இதனினும் வளமான தொடக்கம் வேறென்ன வேண்டும்? பிறப்பினாலன்றித் தேர்வினாலே நல்லதோ தீயதோ ஆகும் ஓர் இனம் அது. இஸ்லாமிய உலகின் பிற பகுதிகளில் ஓவியமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டினரான அல்கஸ்வீனியின் படைப்பு விந்தைகள் பற்றிய நூலின் படமெழுதிய பிரதிகள் விசித்திரப் பிறவிகளால் நிறைந்தவை. இஸ்தான்புல் தொப்காப்பி மாளிகையின் தொகுப்பேடுகளிலே 'சியாஹ் கலம்', அதாவது 'கரிய எழுதுகோல்' என்ற பெயரால் வழங்கும் ஓவியங்கள் இன்னும் வியப்புக்குரியன. கொம்பும் வாலும் உடைய, கையிலும் கழுத்திலும் உலோக வளையம் பூண்ட பேய்கள் அவற்றிலே ஆடுகின்றன, மல்லிடுகின்றன, குதிரையைத் தூக்கிச் செல்கின்றன. சுருங்கிய தோலும் புடைத்த நரம்பும் பெற்ற அவ்வுடல்கள் உழைத்துக் களைத்த மனிதரின் உடல்களையே நினைவூட்டுகின்றன. இன்றைய மங்கா ஓவியன் எவனும் அவற்றின் முன்னே வெட்கமின்றிப் பாடங் கேட்கலாம்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கோ நாகாயின் 'டெவில்மன்' 1972–73இல் வெளிவந்தது. பேயோடு இணைந்து பேயின் ஆற்றலையும் மனிதனின் நெஞ்சையும் ஒருங்கே பெற்ற இளைஞனொருவன் மனிதருக்காகப் போரிடுவது அதன் கதை. முற்பகுதியில் பேய்கள் இறகும் நகமும் கொண்டு வெளிப்படையாக வருகின்றன. பிற்பகுதியிலோ, பேய்கள் மனிதருள் மறைந்துள்ளன என்ற செய்தி பரவுகின்றது. மனிதரே பேயாக மாறுகின்றனர் என்று அறிஞர் ஒருவர் அறிவிக்கின்றார். அதன்பின் அயலவர் அயலவரைத் தேடிப் புறப்படுகின்றனர். கதைத்தலைவனின் அன்புக்குரிய மிக்கி என்னும் பெண்ணை அவளது வீட்டிலேயே கொல்பவர்கள் பேய்களல்லர், தெருவார். நாகாய் அக்கூட்டத்தினரின் முகங்களை வரைந்த விதமே நூலின் பயங்கரமான பாத்திரவாக்கம் எனலாம்.

ஹாஜிமே இசயாமாவின் 'டைட்டன் மீதான தாக்குதல்' (2009–2021) அதே வினாவை வேறு வகையில் எழுப்புகின்றது. மனிதரை விழுங்கும் பெரும்பூதங்களுக்கு அவர் கொம்பு வைக்கவில்லை. சாதாரண மனிதமுகம், பொருந்தாத உடலளவு, பொருளற்ற புன்னகை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டாரின் முகம்போன்று இருப்பதே அச்சத்தின் காரணம். பூதங்களெல்லாம் ஒரு காலத்தில் மனிதராயிருந்தோர் என்பதும், அவ்வினத்தார் கடலுக்கு அப்பால் கைப்பட்டி அணிவிக்கப்பட்டு வேலிக்குள் அடைக்கப்பட்டிருப்பதும் பின்னரே வெளியாகின்றன. கதையின் முடிவு பற்றி எமக்கு ஐயங்கள் உண்டு. உருவத்தின் வலிமை பற்றி இல்லை.

2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், அதே மாதம் 26ஆம் நாளிரவு சாய்ந்தமருது வீடொன்றைப் படையினர் சுற்றிவளைத்தபோது, உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அங்கே இறந்த பதினைவருள் அறுவர் சிறுவர். புதிதாகக் குடிவந்தோர்மீது ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் ஊர்மக்களே. ஆயினும் ஊரின் பெயர் அத்தோடு தீவு முழுவதும் ஒரு பேயுருவத்துக்கு முகவரியாயிற்று. மூன்றாம் நாள் முகத்திரை தடைசெய்யப்பட்டது. மே மாத நடுப்பகுதியில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரிவரை கொள்ளைநோயில் இறந்தவரின் ஜனாஸாவும் கட்டாயமாக எரிக்கப்பட்டது. மண்ணுக்கு நஞ்சூட்டும் பொருளாக மையித்தும் சித்திரிக்கப்பட்டது. கேலிச்சித்திரங்களிலும் கைபேசிப் பகிர்வுகளிலும் தாடியும் அபாயாவும் பெற்ற பொருளைப் பாத்திரவாக்க மொழியிலே கூறுவதாயின், ஓர் உடுப்பு நிழலுருவமாக்கப்பட்டது. நிழலுருவம் ஓர் இனத்தின் மேல் ஒட்டப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையில் ஒருவரையொருவர் 1980களிலும் 1990களிலும் இவ்வாறே வரைந்துகொண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே சாய்ந்தமருதில் ஓர் இளைஞனோ யுவதியோ இருட்புனைவு வரையத் துணிந்தால், எழுதுகோல் எடுத்ததும் எதிர்ப்படும் வினாக்கள் மிகத் திட்டமானவை. பேய்க்கு என்ன உடுப்பு? அது எந்த மொழியிற் பேசும்? முகம் மறைந்த பாத்திரம் ஒன்று இருப்பின், அவளது கண்களுக்கும் கைகளுக்கும் எத்தனை கட்டங்கள் ஒதுக்கப்படும்? 2004 டிசம்பர் 26இல் இக்கரையை விழுங்கிய கடலைப் பூதமாக வரைவதா, பூதமென்று வரைந்தால் பின்னர் அதே கடலுக்குத் தோணி தள்ளிச் சென்ற மீனவரை எவ்வாறு வரைவது? 'சிரித்திரன்' சுந்தர் யாழ்ப்பாணத்துச் சமூக வகைமாதிரியினின்றும் சவாரித்தம்பரைப் பிடித்தெடுத்தார். நகைச்சுவைக்கு உதவிய அக்கூர்மை அச்சத்துக்கும் உதவும். வெளியிலிருந்து இரவல் பெற்ற வாளும் கவசமும் சில காலம் பயிற்சிக்கு ஆகும். கட்ஸின் தோளில் அவ்வாளை வைத்தது அவனது வரலாறு. எமது ஊராரின் தோளில் எது நிற்கும் என்பதை எமது வரலாறே சொல்லவேண்டும்.

தொழில் சார்ந்த ஒரு சிறு விடயம் எஞ்சியுள்ளது. மங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. பிற மொழிக்கு மாற்றுவோர் முன்னர் பக்கங்களைக் கண்ணாடியிற் போலப் புரட்டி அச்சிட்டனர். அவ்வாறு செய்தால் கட்ஸின் இரும்புக்கை வலக்கையாகிவிடும். இழந்த கண்ணும் பக்கம் மாறும். உடலின் வடுக்களே வரலாறாகிய ஒரு கதைக்கு இது சிறு பிழையன்று. பின்னர் பல பதிப்பாளர் மூலத்தின் திசையையே கைக்கொண்டனர். தமிழிலே எழுத்து இடமிருந்து வலமாகவும் கட்டங்கள் வலமிருந்து இடமாகவும் செல்வது பலருக்கு இடர்ப்பாடாகத் தோன்றலாம். அறபுத்தமிழ்க் கிதாபுகளை வலப்புறமாகத் திறந்து ஓதிய மரபுடைய ஊர்களிலோ அத்திசை புதியதன்று.